ஊதிக் காட்டச் சொன்னால்

வில்லியனூர்

எங்கள் சாத்தூர்ப் பக்கம் அதற்குக் கடலை என்று பெயர். வில்லியனூரில் பேருந்தை விட்டு இறங்கியதும் கூடைக்கார அம்மா ஒருவர், "மல்லாட்டை வோணுமா?" என்று கேட்க, ஏதோ கிழங்கு என்று நினைத்துவிட்டேன். உப்புப் போட்டு அவித்த நிலக்கடலை. சூடாக இருந்தது. வாங்கிக் கொறித்துக்கொண்டே நின்றேன். புதுச்சேரிக் கிராமங்களில் இப்படிச் சொல்லுக்குச் சொல் கால் தடுக்கும். எங்களுக்கு ஊராட்சி ஒன்றியம், இவர்களுக்குக் கொம்யூன். வில்லியனூர் கொம்யூன், பாகூர் கொம்யூன் என்று பல் போன கிழவிகூடப் பிசகாமல் சொல்கிறாள்.

கூட்டிப்போக வந்தவள் என் கல்லூரிக் காலத் தோழி. சமூக மருத்துவம் படித்துவிட்டுப் பத்து வருடமாக இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அலைகிறவள். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். பார்த்ததும் சிரித்தாள்.

"ஊதினா கேன்சர் தெரியுற மெஷினத் தேடி வந்தியா? இந்தப் பக்கம் ஊதுற மெஷின் ஒண்ணே ஒண்ணுதான். அது போலீஸ்கிட்ட இருக்கு."

எனக்கு அந்த மெஷின்மேல் பித்து பிடித்ததற்குக் காரணம் சித்தி. சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது என்றார். வாயுத் தொல்லை என்றார் வைத்தியம் பார்த்தவர். எட்டு மாதம் அதே மாத்திரை. சேலைக்கொசுவம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது, உடம்பு அவ்வளவு இளைத்துவிட்டது. கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோய் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பைப் புற்று ஈரல்வரை போயிருந்தது. அதன்பிறகு மூன்று மாதம் இருந்தார். அவர் போனபின், மூச்சுக் காற்றை வைத்தே புற்றை முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம் என்று எங்கேயோ படித்தேன். அன்றுமுதல் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கத் தொடங்கினேன்.

வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் பேர்போன ஊர். புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. ஒரு சூளையடியில் கொஞ்ச நேரம் நின்றோம். உள்ளே பொம்மைகள் வெந்துகொண்டிருந்தன. திறந்து பார்க்காமல் வெந்ததை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டேன். "பொகையப் பாத்தா தெரியும் சார். மொதல்ல கருப்பா வரும். ஈரமெல்லாம் போயி வெந்துடுச்சின்னா பொக மெலிஞ்சி வெளுத்துடும்" என்றார் பெரியவர். தோழி என்னை இடித்தாள். "உன் மெஷினும் இதத்தான சொல்லுது?"

இதைத்தான் சொல்கிறது. உடம்பும் ஒரு சூளைதான். நாம் வெளிவிடும் மூச்சில் நைட்ரஜன், ஆக்சிஜன், கரியமில வாயு, நீராவி இவற்றைத் தவிர நுணுக்கமான ஆவிகள் நூற்றுக்கணக்கில் கலந்திருக்கின்றன. 1971இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் மூச்சைக் குளிரவைத்துப் பிடித்து, அதில் சுமார் 250 பொருட்களைப் பிரித்துக் காட்டினார். புற்றணுக்கள் உணவை எரிக்கிற விதம் வேறு, அவை வெளியேற்றும் கழிவும் வேறு. அந்தக் கழிவில் ஆவியாகக்கூடியது ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்கு வந்து, மூச்சோடு வெளியே போகிறது. 1999இல் மைக்கேல் பிலிப்ஸ் குழுவினர் நுரையீரல் புற்று நோயாளிகளின் மூச்சில் 22 ஆவிகள் சேர்ந்து ஒரு தனித்த கோலம் காட்டுவதாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அன்றிலிருந்து உலகம் முழுக்க இந்தக் கோலத்தைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

துரத்துவது சுலபமில்லை. சாராயம் குடித்தவன் மூச்சில் இருப்பது ஒரே பொருள், அதுவும் ஏராளமாக. புற்றுக்கு அப்படி ஒற்றை அடையாளம் கிடையாது. இருக்கிற ஆவிகளும் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் வரும். நாலு தண்ணீர் லாரியில் ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

ராமநாதபுரம் வழி

வடக்கே போகிற பாதையில் ஊசுட்டேரி. புதுச்சேரியின் பெரிய ஏரி இதுதான். பாதி புதுச்சேரிக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு. பறவைகள் எல்லை பார்க்காமல் இறங்கியிருந்தன. மாசி மாதத்தில் இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்தால் சாத்தூர்க்காரனுக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். எங்கள் வைப்பாற்றில் மணலைப் பார்த்தே வளர்ந்தவன் நான்.

இந்தப் பக்கத்து ராமநாதபுரம் கிராமத்தில் ஜிப்மர் மருத்துவமனை நடத்தும் கிராம சுகாதார மையம் இருக்கிறது. ஜிப்மரின் வேர் 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் இருக்கிறது. இப்போது புற்றுநோய்க்கென்றே அங்கே தனி மையம் உண்டு. இங்கிருந்து ஆட்டோவில் போய்விடலாம். சித்தியை மதுரைக்குக் கொண்டுபோன அந்த எழுபத்தைந்து கிலோமீட்டரை நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் போனது அந்தச் சுகாதார மையத்தையும் தாண்டி, ஒரு சின்ன ஊரின் சமுதாயக் கூடத்துக்கு. முப்பது வயது தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும் பார்க்கும் அரசுத் திட்டம் நாடு முழுக்க உண்டு. அந்தப் பரிசோதனைதான் அன்று. கருவிகள் என்று பார்த்தால் ஒரு டார்ச், நாக்கை அழுத்த ஒரு மரச்சில்லு, கையுறை. அவ்வளவே. வரிசையில் உட்கார்ந்தவர்கள் ஆணும் பெண்ணும் எழுந்துபோய் வாசலில் புகையிலையைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, சமர்த்தாக வந்து வாயைத் திறந்தார்கள்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தே தோழி கண்டுபிடித்துவிட்டாள். "டார்ச்சுதானேன்னு நெனைக்காத. திருவனந்தபுரத்துல இத வச்சித்தான் பண்ணாங்க." உண்மை. புற்றுநோய் ஆய்வாளர் சங்கரநாராயணன் தலைமையில் பல வருடம் நடந்த ஆய்வின் முடிவு 2005இல் லான்செட்டில் வந்தது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்ததில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நம் திண்டுக்கல் மாவட்டக் கதையும் அதே மனிதர் சம்பந்தப்பட்டதுதான். கருப்பைவாயில் வினிகர் தடவிக் கண்ணால் பார்த்ததில் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் எழுதினார்கள். டார்ச்சும் வினிகரும். மளிகைக் கடையில் கிடைப்பவை.

மூச்சுச் சோதனை எதுவும் இப்படிச் சாவைக் குறைத்ததாக இதுவரை நிறுவப்படவில்லை. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் வலிக்கிறது.

ஆனால் ஒன்று. கூடத்தின் மறுபக்கம் திரை மறைவில் இருந்த வரிசையில் ஆளே இல்லை. மார்பகமும் கருப்பைவாயும் அங்கே. "வாய் போதும்மா, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று நழுவிப் போனார்கள் பெண்கள். சேலையை விலக்க வேண்டாம், கூச வேண்டாம், வெறுமனே ஊதினால் போதும் என்று ஒரு சோதனை வந்தால் அந்த வரிசை நீளும். மூச்சுக்கு ஏங்குவதற்கு அதுவே போதுமான காரணம் என்றேன். தோழி மறுக்கவில்லை.

கீழூர்

மேற்கே வயலுக்கு நடுவே கீழூர். 1954 அக்டோபர் 18ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இங்கே கூடி, இந்தியாவோடு சேர்வதா என்று வாக்களித்தார்கள். சேர வேண்டும் என்றவர்கள் 170 பேர், வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நினைவிடத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. தோழியின் பையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது.

நாயைச் சும்மா சொல்லவில்லை. 1989இல் லான்செட்டுக்கு லண்டன் மருத்துவர்கள் இருவர் ஒரு கடிதம் எழுதினார்கள். ஒரு பெண்ணின் காலில் இருந்த மச்சத்தை மட்டும் அவளுடைய நாய் விடாமல் முகர்ந்து, கடித்து எடுக்கக்கூடப் பார்த்திருக்கிறது. அவள் மருத்துவரிடம் போனாள். அது தோல் புற்று. இப்போது பெங்களூரில் டாக்னோசிஸ் என்ற நிறுவனம் நாய்களைப் பழக்கி வைத்திருக்கிறது. முகக்கவசத்துக்குள் கொஞ்ச நேரம் மூச்சுவிட்டுக் கழற்றிக் கொடுத்தால், அதை நாய் முகர்ந்து சொல்லும். ஆய்வு நிலையில் இருக்கிறது. கோடிக்கணக்கில் விலை போகும் இயந்திரத்தைவிட நாயின் மூக்கு நுட்பமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாய்க்கு அன்றைக்கு மனநிலை சரியில்லையென்றால் என்ன செய்வது என்பதுதான் கவலை.

பிரெஞ்சு ஆட்சி முடிந்த இடத்தில் உட்கார்ந்திருந்தபோது இன்னொரு பிரெஞ்சுக்காரர் நினைவுக்கு வந்தார். லவாய்சியர். மூச்சும் ஒருவகை எரிதல்தான் என்று சொன்னவர். 1790 வாக்கில் செகுவின் என்ற உதவியாளரின் முகத்தில் மூடி மாட்டி, அவர் விடும் மூச்சை அளந்தார். அந்தச் சோதனையைப் படமாக வரைந்து வைத்தவர் அவருடைய மனைவி. 1794இல் கில்லட்டின் அவர் தலையை வெட்டியது. முகமூடி மட்டும் பெங்களூர்வரை வந்துவிட்டது.

கீழூர் வாக்கெடுப்பு நடந்த அதே 1954இல்தான் அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவருடைய தங்கை 1923இல் மலக்குடல் புற்றில் இறந்தவர். முதலில் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். இதைப் படித்தபோது சித்தியின் வாயு மாத்திரை அட்டை கண்ணுக்குள் வந்தது. கேம்பிரிட்ஜில் மூச்சுச் சோதனைக்கென்றே நடக்கும் அவுல்ஸ்டோன் மெடிக்கல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் பில்லி பாயில். அவர் மனைவி கேட் கிராஸ் 2014 கிறிஸ்துமஸ் அன்று பெருங்குடல் புற்றில் இறந்தபோது வயது 36. இந்தத் துறையில் யாரைத் தொட்டாலும் பின்னால் ஒரு வீட்டுச் சாவு நிற்கிறது.

கரிக்கலாம்பாக்கம்

பாகூர் போகும் வழியில் திடீர் திடீரென்று தமிழ்நாடு வந்து போகும். கடைப் பலகையைப் பார்த்துத்தான் எந்த மாநிலம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மதுக்கடை வரிசையாக வந்தால் புதுச்சேரி என்றார் எங்கள் வண்டியின் ஓட்டுநர் அண்ணன்.

மதியம் அவர் அக்கா வீட்டில் சாப்பாடு. கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். விறகடுப்பு. சவுக்கு விறகின் புகை கண்ணைக் கரித்தது. எங்கள் பக்கம் கருவாடு ராமேஸ்வரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போயிருக்கும். இங்கே அப்படியில்லை. கத்தரிக்காயும் வாளைக் கருவாடும் சேர்ந்த அந்தக் குழம்புக்கு நான் இரண்டு முறை களி வாங்கினேன்.

"உப்புல பதம் பண்ணதெல்லாம் இரைப்பைக்கு ஆகாது, தெரியுமில்ல?" என்றாள் தோழி, மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டே. தெரியும். அதைவிடப் பெரிய காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. 1984இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் அதைக் கரைத்துத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் வாங்கினார். இரைப்பைப் புற்றுக்கு இது ஒரு காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே பட்டியலில் சேர்த்துவிட்டது.

மூச்சுச் சோதனை ஏட்டிலிருந்து இறங்கி மருத்துவமனைக்குள் வந்த இடம் இதுதான். சற்றே எடை கூடிய கார்பன் அணு வைத்த யூரியாவைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். வயிற்றில் அந்தக் கிருமி இருந்தால் யூரியாவை உடைக்கும். உடைந்த கார்பன் கரியமில வாயுவாகி மூச்சில் வரும். அரை மணி நேரம் கழித்து ஊதச் சொல்லி, குடிப்பதற்கு முன் ஊதியதோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இருந்தால் மாத்திரையால் கிருமியைக் கொல்லலாம், புற்று வருகிற வாய்ப்பும் குறையும். கொல்கத்தாவில் எஸ்.என். போஸ் ஆய்வு மையத்தின் மாணிக் பிரதான் குழுவினர் இதற்காக பைரோ-பிரெத் என்ற கருவியை இங்கேயே உருவாக்கியிருக்கிறார்கள்.

"சித்திக்கு இதையாவது செஞ்சிருக்கலாம்" என்றேன்.

தோழி கை கழுவப் போனவள் நின்றாள். "ஒடம்பு எளைச்சிதுன்னு சொன்னல்ல? எளைச்ச ஆளுக்கு ஊதுற டெஸ்டு இல்ல. நேரா எண்டோஸ்கோப்பி. மெஷின் இல்லாததால உங்க சித்தி போகல. எட்டு மாசத்துல ஒரு நாள்கூட யாரும் எடை பாக்கல, அதனால போனாங்க."

களி தொண்டையில் நின்றது.

பாகூர்

பாகூர் ஏரி ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. சிங்காரி, பங்காரி என்று இரண்டு தாசிப் பெண்கள் வெட்டிய வாய்க்கால் என்று ஊர்க்கதை. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று கிராமங்களை இங்கிருந்த கல்விச்சாலைக்கு எழுதிவைத்ததாகப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. படிப்புக்கு ஊரையே கொடுத்த ஊர். இன்று இந்த ஒரு கொம்யூனுக்குள்ளேயே கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள்.

சம்பா அறுவடை முடிகிற சமயம். அறுவடை எந்திரம் கிளப்பிய தூசு ஊர்மேல் மிதந்தது. மூச்சு ஆய்வுக்காரர்களின் தலைவலி எனக்கு அப்போதுதான் உறைத்தது. வைக்கோல் தூசு, விறகுப் புகை, வெற்றிலை, புகையிலை, மத்தியானக் கருவாடு எல்லாமே மூச்சில் வரும். சொத்தைப் பல்லின் கிருமியும் வரும். கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் பிடிபட்ட கோலம் பாகூர்க் களத்துமேட்டிலும் அப்படியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. இந்த ஊர் மூச்சை இந்த ஊரில் பிடித்துத்தான் படிக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆயிரம் பேர் உள்ள ஊரில் இரண்டு பேருக்குப் புற்று என்று வைத்துக்கொள்வோம். நூறு நோயாளிகளில் தொண்ணூறு பேரைப் பிடிக்கிற, நோயில்லாத நூறு பேரில் தொண்ணூறு பேரைச் சரியாக விட்டுவிடுகிற கருவி. நல்ல கருவிதானே? அந்த இருவரையும் அது பிடித்துவிடலாம். கூடவே ஒன்றுமில்லாத நூறு பேருக்கும் உனக்கு இருக்கிறது என்று சொல்லிவிடும். அந்த நூறு குடும்பமும் எண்டோஸ்கோப்பிக்கும் ஸ்கேனுக்கும் வரிசையில் நிற்கும், தூங்காமல்.

தெருவில் ஒரு ஆயாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். எங்கள் பக்கம் ஆச்சி என்போம். எழுபது இருக்கும். ஒரு பசு, ஒரு கன்று. மகன் திருப்பூரில். இடது கன்னத்தில் எப்போதும் ஒரு புகையிலை உருண்டை. தோழி டார்ச் அடித்ததும் நானும் எட்டிப் பார்த்தேன். புகையிலை அடக்கும் இடத்தில், கன்னத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைத் திட்டு. நடுவில் சிவந்து ஒரு புண்.

"எத்தினி நாளா ஆயா?"

"தீவாளிக்கு முந்தி வந்துச்சி. காரம் பட்டா எரியிது. வேற ஒண்ணுமில்ல."

இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணைக் காட்டியே தீர வேண்டும். இவர் நாலு மாதமாக வைத்திருக்கிறார். தோழி சீட்டு எழுதிக் கொடுத்து, எந்தக் கிழமை, எந்த அறை, யாரைப் பார்க்க வேண்டும் என்று மூன்று முறை சொன்னாள். ஆயா சீட்டை மடித்து இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். எங்களுக்கு மோர் கொடுத்தார். மோர் நன்றாக இருந்தது.

முள்ளோடை

கடலூருக்குப் போகும் சாலையில், முள்ளோடை தாண்டும்போது இருட்டியிருந்தது. வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். டிக்கியில் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு இளவயதுக் காவலர் ஒருவர் ஓட்டுநர் அண்ணன் வாயருகே கருவியை நீட்டினார்.

"ஊதுய்யா."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "காலைலேர்ந்து இதப் பத்தித்தான் சார் பேசிக்கினு வராரு" என்றார் காவலரிடம். காவலருக்குப் புரியவில்லை. "நேரா ஊது, நிறுத்தாம ஊது" என்றார். அண்ணன் ஊதினார். சிவப்பு எழுத்தில் பூஜ்யம் வந்தது. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் சாராயம் என்பது சட்டத்தின் எல்லை. அண்ணன் மூச்சில் இருந்தது கருவாட்டுக் குழம்பு மட்டும்.

சாத்தூர் வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று தோழியைக் கூப்பிட்டுக் கேட்டேன். பாகூர் ஆயா இன்னும் போகவில்லை. பசுவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையாம்.